குளிக்க விடாதது பற்றி

16.3.1993 காலை 11 மணிக்கு, காவல் உதவி ஆய்வாளர் விசாரித்தபோது சொன்னது.

என் பெயர் கனகவல்லி, வயது 47, கணவர் பெயர் ஏகநாதன். மேற்குத் தாம்பரம் இரும்புலியூரில் குடியிருந்து, வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்குத் துணையாகப் போக நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து 1988 முதல் ஒரு மன்றம் நடத்துகிறோம். அதற்கும் அந்தக் கடைதான் இடம்.

14ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்யும் 22 வயதுப் பெண் என் கடைக்கு வந்தாள். ஓவர்டைம் என்று வரச்சொல்லி சூப்பர்வைசர் பலாத்காரம் செய்ததாகச் சொன்னாள். அதுபற்றி அவளே தனியாகப் புகார் கொடுத்திருக்கிறாள். அன்று என்னிடம் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அவள் குளிக்க வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

"ஒரு சொம்பு தண்ணியாச்சும் ஊத்திக்கறேன்க்கா, இப்டியே குந்திகினு இருக்க முடியல" என்று கெஞ்சினாள். "டாக்டரம்மா பாத்துடட்டும்மா" என்று சொல்லி உட்கார வைத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதித் தரும் சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள். சீட்டு கிடைக்க மாலை நாலு மணி ஆனது. அதுவரை குளிக்க விடவில்லை. அவள் அப்பா என்மேல் கொடுத்த புகாரில் இது மட்டும் உண்மை. அடைத்து வைத்ததாகச் சொல்வது பொய். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஆசாரி ஒரு வருடமாக நாளைக்கு வருகிறேன் என்கிறார்.

ஏன் குளிக்க விடவில்லை என்று கேட்டதற்குச் சொல்கிறேன். 1987இல் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இதே நிலையில் என்னிடம் வந்தாள். நான் வெந்நீர் வைத்து அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். அதன் பிறகு அவள் புடவையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து மடித்துக் கொடுத்தேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் புடவையை விரித்துக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. விடுதலையான அந்த ஆள் இன்றும் மார்க்கெட்டில் எதிர்ப்படுகிறான். அப்போதெல்லாம் என் கையே எனக்குப் பிடிக்காமல் போகிறது. அந்த வழக்குக்குப் பிறகுதான் மன்றம் ஆரம்பித்தோம். அந்தப் பெண்ணும் ஐவரில் ஒருத்தி.

ஞாயிறு மாலை டாக்டரம்மா பார்த்து முடித்ததும், வீட்டுக்கு வந்து வெந்நீர் வைத்தேன். 87இல் வந்தவள்தான் இவளுக்கு ஊற்றினாள். மூன்று அண்டா தண்ணீர் ஆனது.

இவள் உடுத்தியிருந்த துணிகளை ஸ்டேஷனில் கொடுக்கும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஸ்டேஷனில், ஐயா வரட்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளவில்லை. நேற்று அவள் அப்பா வந்து, "துணிய குட்த்துடும்மா, பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு கீறோம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கொடுக்க வேண்டாம் என்று அவளே சொன்னதால் கொடுக்கவில்லை. அதன் பிறகு அவர் என்மேல் புகார் கொடுத்தார்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். "அடைத்து வைத்து" என்று ஓரிடத்தில் இருந்தது. "உட்கார வைத்து" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுதான். என்மேல் வழக்குப் போட்டாலும் சரி, என் மடியில் இருக்கும் இந்தக் காகிதப் பையை இப்போதே வாங்கிக்கொண்டு ரசீது தர வேண்டும். புடவை ஒன்று, பாவாடை ஒன்று, ரவிக்கை ஒன்று. எதையும் துவைக்கவில்லை.

(ஒப்பம்) ஏ. கனகவல்லி