விழ மறுத்த சரிவு

எனக்கு உயரம் என்றாலே தலைசுற்றும். வீட்டில் நாற்காலிமேல் ஏறி பல்பு மாற்றுவதுகூட என் மனைவிதான். அப்படிப்பட்டவனைத்தான் கடலோர மலைச்சரிவைக் கண்காணிக்கும் பொறியாளராகப் போட்டார்கள், ஐயா. கீழே நின்று அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன்.

இந்தச் சரிவு நிற்காது, சாலையோடு கடலுக்குள் போய்விடும், மலையைக் குடைந்து சுரங்கச் சாலை போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தவன் நான். அதை நம்பி வேலையையும் தொடங்கினார்கள். அதற்கப்புறம் மலை ஒரு கூழாங்கல்லைக்கூட உதிர்க்கவில்லை. அலுவலகத்தில் என் பெயரே 'ஜோசியர்' ஆகிவிட்டது. என் மனைவியின் தம்பி அந்தச் சாலையில் பேருந்து ஓட்டுபவன். என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பான்.

"மாமா, உங்க மலை இன்னிக்காவது விழுமா? சொன்னா லீவு போட்டுடுவேன்ல?"

நானும் சிரிப்பேன். உள்ளே பற்றி எரியும். கடைசியில் சுரங்க வேலையைப் பாதியில் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது.

மலைக்குள் தேங்கும் நீர் வெளியேறச் சரிவில் குழாய்கள் பதித்திருந்தோம். அவற்றை சிமெண்ட் வைத்து அடைத்தேன். பட்டப்பகலில்தான். தலைக்கவசமும் கரண்டியுமாக நிற்பவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஒரு புண்ணியவான் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். மேல் குழாய்களுக்கு ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். பெரிய வீரன்தான்.

மழை தன் வேலையைச் செய்தது. அன்று காலை, சாலையோரச் சுவரின் விரிசலுக்குள் என் கையே போயிற்று. தடுப்புக் கம்பத்தை இறக்கிச் சாலையை மூடுவது என் பொறுப்பு. இறக்கவும் செய்தேன். பிறகுதான் யோசித்தேன். ஆளில்லாத சாலையில் மண் விழுந்தால் அள்ளிப் போட்டுவிட்டு மறுநாளே மறந்துவிடுவார்கள். சுரங்கத்தை யார் நினைக்கப் போகிறார்கள்?

பேருந்து வந்து நின்றது. மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, மூடிட்டீங்க? நிஜமாவே விழப்போகுதா?"

பின்னால் பயணிகள் சிரித்தார்கள்.

"கம்பம் சரியா இறங்குதான்னு பாத்தேன். நீ போப்பா."

தூக்கிவிட்டேன். அவன் கையசைத்தான், நானும் அசைத்தேன். அவனை எனக்குப் பிடிக்கும்.

இப்போது சுரங்க வேலை மும்முரமாக நடக்கிறது. என் மனைவிதான் யாரோடும் பேசுவதில்லை, போகப்போகச் சரியாகிவிடும். குழாயை அடைத்தவனும் நான், கம்பத்தைத் தூக்கியவனும் நான். அதையெல்லாம் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அத்தனை பேர் செத்ததற்கு நான் காரணம் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அந்தச் சாலை ஆபத்தானது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், ஒருத்தராவது கேட்டார்களா?