சில்லுக்கதிரையில் தேர் பார்க்க

...சில்லு மணலுக்குள்ளை புதையும் எண்டு அந்த வாடகைக்காரன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமோ இல்லையோ, பிள்ளை? கலியாணவீடுகளுக்குக் கதிரை, பெற்றோல்மாக்ஸ் குடுக்கிறவன். "சில்லுக்கதிரையும் கிடக்கு அக்கா, புதுசுபோலை" எண்டான். புதுசாம்! பொருளாதாரத் தடையாலை ரியூப் இல்லையெண்டு சில்லுக்குள்ளை தேங்காய்த் தும்பை அடைஞ்சு வைச்சிருக்கிறான். ஒவ்வொரு உருட்டுக்கும் ஒரு குதி. இணுவில் சந்தியிலையிருந்து தள்ளிக்கொண்டு வாறன், என்ரை இடுப்பு என்னட்டை இல்லை.

இரும், உதிலை இரும். தேர் இழுக்க இன்னும் நேரம் கிடக்கு. அந்தா, மரத்துக்குக் கீழை அங்காலை பார்த்துக்கொண்டு இருக்கிறாரே கதிரையிலை, அவர்தான் என்ரை மனிசன், தம்பிஐயா. தபால்கந்தோரிலை இருந்து பென்சன் எடுத்தவர். குடுத்துவைச்ச மனிசன். காலமை சில்லைக் கழுவாமல் கோயில் வீதிக்குள்ளை விடேலாது எண்டு ஒருத்தர், சில்லென்ன செருப்போ எண்டு இன்னொருத்தர்... பெரிய சண்டை! கடைசியிலை நான்தான் கிணத்திலை அள்ளி ஊத்தினன். இவர் இறங்கினவரோ? இல்லை! இருந்தபடி தன்ரை காலையும் நீட்டினவர்.

சைக்கிளாலை விழுந்து இடக்கால் முறிஞ்சது. மாவுக்கட்டும் வெட்டியாச்சு. எலும்பு வடிவாப் பொருந்தீட்டுது, இனி நடக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இவர் காலை ஊண்டினால்தானே? "ஐயோ குத்துது அருந்ததி, விண்விண் எண்டுது அருந்ததி..." நான் பகிடியாக் கதைக்கிறன் எண்டு நினையாதையும் பிள்ளை. உள்ளுக்குள்ளை சரியான பயம். இனி நடக்கவே மாட்டாரோ? பிள்ளையளும் வெளிநாட்டிலை. நான் விழுந்தால் இவரை ஆர் தள்ளுறது?

என்ன, நேர்த்தியோ? வைக்காமல் இருப்பனோ! அதுக்குத்தானே கொண்டந்தனான். ஆஸ்பத்திரியிலை அவற்றை கட்டிலடியிலை நிண்டு வாய்விட்டுக் கும்பிட்டன். முருகா, இவரை எழுப்பி நடக்கவிடு, தேருக்குப் பின்னாலை வீதி முழுக்க இவர் அங்கப்பிரதட்டை உருளுவார் எண்டு. ஓம், இவர்தான். ஆம்பிளையள்தானே உருளுறது, எங்களுக்கு அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறது. பக்கத்துவீட்டு மகாதேவி புருசனுக்குக் காவடி நேர்ந்தவள். நான் அதிலும் குறைய நேரலாமோ?

அவரைக் கேட்டனானோ எண்டோ? என்னத்துக்குக் கேக்கிறது! கேட்டுக்கொண்டுதானே கிடந்தவர். முகம் அப்பிடியே வெளிறிப் போச்சு. பக்தி எண்டு நினைச்சன். சரியான கூச்சக்காரன், பிள்ளை. வீட்டிலையே பெனியன் கழட்டார். பெத்த பிள்ளையளுக்கும் தொந்தியைக் காட்டினதில்லை. அப்பிடிப்பட்ட மனிசன் ஈரவேட்டியோடை, ஊர் முழுக்கப் பார்க்க, இந்தச் சுடுமணலிலை...

ம்... நடந்தால் உருளவேணும். நடக்காட்டி...

என்ன, எங்கை காட்டுறீர்? கதிரையிலை... எங்கை அவர்? ஐயோ, விழுந்திட்டாரோ! ஆர்? கடலைக்காரியடியிலையோ? அட... அட, அட! நடக்கிறார்! தடியுமில்லாமல்! முருகா, என்ரை அப்பனே, நடக்கிறார்... இல்லைப் பிள்ளை, அழேல்லை. கண்ணுக்குள்ளை மணல். பாரும் பாரும், தெரிஞ்ச ஆரையோ கண்டிட்டார், நொண்டத் தொடங்கீட்டார். முறிஞ்சது இடக்காலப்பா, வலக்காலை ஏன் இழுக்கிறியள்!

கூப்பிடாதையும்! நான் கண்டதெண்டு சொல்லியும் போடாதையும். பாவம். நேர்ந்தது என்ரை வாய், உருளுறது அவற்றை வயிறோ? என்ன விசர்வேலை பார்த்தன் நான்! மகாதேவிக்குப் போட்டியா அவற்றை உடம்பை நேர்ந்து, நானே அவரைக் கொண்டுபோய் அந்தக் கதிரையிலை இருத்திப்போட்டனே.

மேளச்சத்தம் கேக்குது. தலையிலை தண்ணி வாத்துக்கொண்டு வாறன். வீதி முழுக்க நானே அடியழிக்கப் போறன், முருகனிட்டை நான் கதைச்சுச் சமாளிப்பன். அவர் வந்து ஒண்டுந் தெரியாதவர் மாதிரி இருப்பார். நேர்த்தி மாறீட்டுதாம், உங்களுக்கு உருளத் தேவையில்லையாம் எண்டு மட்டும் சொல்லும். பிறகு பாரும், கால் தன்பாட்டிலை சுகமாகும்.

இன்னொண்டும் சொல்லும் பிள்ளை. திரும்பி வீட்டை போகேக்கை கதிரையிலை நான்தான் இருப்பன். அவர் தள்ளட்டும்.