மாப்பிள்ளை தண்ணீரில் இறங்க வேண்டும்

டிரைவர்: முடியாதுன்னா முடியாதுதான், சம்பந்தி! என் மகன் உங்க பொண்ணைக் கட்டிக்கத்தான் வர்றான். தொட்டிக்குள்ள முங்கி எழுந்திரிக்க வரல.

தையல்காரர்: கையைத் தூக்காதீங்க, டேப் நழுவுது. கல்யாணத்துக்குக் கோட்டு வேணுமா, வேண்டாமா உங்களுக்கு?

டிரைவர்: கல்யாணமே நடக்குமான்னு தெரியல, இவர் கோட்டுக்கு அளவு எடுக்கிறாராம்!

தையல்காரர்: நடக்கும். மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தா, ஜாம் ஜாம்னு நடக்கும்.

டிரைவர்: அவன் கைக்குழந்தையா இருக்கும்போதே எங்க கோயில்ல நெத்தியில தண்ணி தெளிச்சாச்சு.

தையல்காரர்: தெளிச்சீங்களா? பிள்ளைக்கா, பூச்செடிக்கா? முழுசா முங்கணும் சம்பந்தி. உச்சி முடி நனையணும். நம்பி, முங்கி எழுந்தாத்தான் ரட்சிப்பு.

டிரைவர்: நம்பினாலே ரட்சிப்பு! உள்ள விசுவாசம் இருக்கிறவன் வெளிய எதுக்கு நனையணும்? சிலுவையில பக்கத்துல தொங்கினானே ஒரு கள்ளன்... அவன் எந்தத் தொட்டியில முங்கினான்? சொல்லுங்க பார்ப்போம்! ஆணி அடிச்ச கையோட நேரா பரதீசு!

தையல்காரர்: அவனுக்கு இறங்க வழியில்ல. உங்க மகனுக்கு என்ன, ஆணியா அடிச்சிருக்கு?

டிரைவர்: அப்ப கடவுள் யாரு, எங்க பஸ்ல ஏறுற செக்கரா? ‘விசுவாசம் இருக்கு, சரி... முங்கின டிக்கெட் எங்க?’ன்னு கேட்டு வாசல்லயே இறக்கி விட்டுருவாரா?

தையல்காரர்: கத்தாதீங்க. நெஞ்சளவு கூடுது. வேதத்துல தேர்ல போன மந்திரி ஒருத்தர் வர்றாரே, அவரை நினைச்சுப் பாருங்க. வசனத்தைக் கேட்டார், நம்பினார். அத்தோட விட்டாரா? வழியில தண்ணியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். நீங்களும் டிரைவர்தானே... நிறுத்துன்னா நிறுத்த வேண்டாமா?

டிரைவர்: ஸ்டாப் இல்லாத இடத்துல நான் நிறுத்த மாட்டேன்!

மகள்: அப்பா! மாமா! தெருமுனை வரைக்கும் கேக்குது. ரவிக்கை தைக்க வந்த ரெண்டு பேரு வாசல்லயே திரும்பிப் போயிட்டாங்க.

தையல்காரர்: நீ உள்ள போம்மா.

மகள்: போறேன். ஆனா இன்னிக்கு முடிவு தெரிஞ்சாகணும். அவரைக் கேட்டா, ‘எங்கப்பா சரின்னா முங்குறேன், வேண்டாம்னா மாட்டேன்’கிறார். உங்களைக் கேட்டா, ‘முங்காட்டி கல்யாணம் இல்ல’ங்கிறீங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா பரலோகம் போய்ச் சேருங்க. நான் இங்கேயே உக்காந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருக்கேன்!

டிரைவர்: பாருங்க... பிள்ளை கண்ணைத் துடைச்சுக்கிட்டே போகுது. உங்களுக்கு மனசே இல்லையா?

தையல்காரர்: இருக்கிறதாலதான் சொல்றேன். நேரா நில்லுங்க. வயித்தை உள்ள இழுத்தா டேப் ஏமாந்துடுமா? விடுங்க... நல்லா விடுங்க... அட.

டிரைவர்: என்ன ‘அட’?

தையல்காரர்: ஒண்ணுமில்ல. திரும்புங்க. கழுத்து... சரி. தோள்... வலது தோள் இறக்கமா? அடடே!

டிரைவர்: இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச தோள், இறங்காம என்ன செய்யும்? எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?

தையல்காரர்: போன மாசம் பக்கத்து ஊர் ஆத்தங்கரைச் சபைப் போதகர் ஒரு ஞானஸ்நான அங்கி தைக்கச் சொன்னார். அவசரம், யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்கன்னார். அளவு மட்டும்தான் வந்துச்சு. சபையில இருக்கிற அங்கி ஒண்ணுகூட அந்த ஆளுக்கு நெஞ்சைத் தாண்டிக் கீழ இறங்கலையாம்.

டிரைவர்: ...அப்படியா. தொப்பைக்கா ஊர்ல பஞ்சம்?

தையல்காரர்: பஞ்சமே இல்ல. ஆனா இதே தொப்பை, இதே கழுத்து, வலது தோள் மட்டும் ஒரு விரக்கடை இறக்கம்... இப்படி இன்னொருத்தர் இருந்தா எனக்குக் காட்டுங்க!

டிரைவர்: டேப்பை எடுங்க. கூசுது.

தையல்காரர்: தண்ணியில அங்கி குடை மாதிரி விரியக் கூடாதுன்னு ஓரத்துல ஈயக் குண்டு வச்சுத் தைச்சேன். முழங்காலை இடிச்சுதா?

டிரைவர்: என்னைக் கேட்டா எனக்கு எப்படி...

தையல்காரர்: இடிச்சுதா, சம்பந்தி?

டிரைவர்: ...நல்லாவே இடிச்சுது.

தையல்காரர்: ஆகா! ஆகாகா! மாட்டினீங்களா!

டிரைவர்: மெதுவா, மெதுவா! வீட்டுல யாருக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது. எங்க கோயில்ல தெரிஞ்சா என் மானமே போயிடும்.

தையல்காரர்: இவ்வளவு நேரம் கள்ளனைக் காட்டிக் காட்டி வாதாடினது யாரு? அவனாவது கடைசியில உண்மையைச் சொன்னான்!

டிரைவர்: போன மாசம் ஒரு நாள் மலைச்சரிவுல பிரேக் பிடிக்கல, சம்பந்தி. வண்டி நிறைய ஜனம். மண்மேட்டுல ஏத்தி நிறுத்திட்டேன். யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ஆனா வண்டி ஓடுது பாருங்க... அந்த நேரத்துல என் மனசுல என்ன வந்துச்சு தெரியுமா? பொண்டாட்டி வரல, பிள்ளை வரல. ‘ஐயோ, ஒருவேளை அந்த டெய்லர் சொல்றது சரியா இருந்துட்டா?’

தையல்காரர்: என்னையா நினைச்சீங்க!

டிரைவர்: உங்க மூஞ்சிதான் வந்து நின்னுச்சு. சாகப் போற நேரத்துல பார்க்கிற மூஞ்சியா அது!

தையல்காரர்: அப்ப முங்கினாத்தான் ரட்சிப்புன்னு ஒத்துக்கிட்டீங்க.

டிரைவர்: யாரு ஒத்துக்கிட்டா? நம்பின அன்னிக்கே எனக்கு ரட்சிப்பு வந்தாச்சு. இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன். பயத்துலதான் போனேன், பொய் சொல்லல. ஆனா முங்கி எழுந்தேன் பாருங்க... காதெல்லாம் தண்ணி அடைச்சுக்கிச்சு. கரையில எல்லாரும் பாடுறாங்க, எனக்கு வாய் அசையறது மட்டும்தான் தெரியுது. ஏன்னே தெரியாம அழுகையா வந்துச்சு. அப்படி ஒரு சந்தோஷம், சம்பந்தி! மகன்கிட்ட சொல்லணும், சொல்லணும்னு தவிக்கிறேன். இத்தனை வருஷம் பேசின வாய் விட மாட்டேங்குது.

தையல்காரர்: தண்ணி... ரொம்பக் குளிருச்சா?

டிரைவர்: கேள்வியைப் பாரு! தண்ணின்னா குளிராதா?

தையல்காரர்: இல்ல, உள்ள போறப்ப மூச்சு... எவ்வளவு நேரம் பிடிக்கணும்?

டிரைவர்: அது என்ன, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுது. போதகர் முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்குவார். சரி, விடுங்க. சண்டையில நீங்களே ஜெயிச்சதா வச்சுக்குங்க. இன்னிக்கே அவன்கிட்ட சொல்லிடுறேன். ‘உங்கப்பன் முங்கிட்டான், நீயும் முங்குடா’ன்னு. கல்யாணம் உறுதி! மருமகளே! இங்க ஓடி வாம்மா!

தையல்காரர்: கூப்பிடாதீங்க! ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் இருங்க.

டிரைவர்: இன்னும் என்ன நிபந்தனை?

தையல்காரர்: நிபந்தனை எல்லாம் இல்ல. மாப்பிள்ளை இறங்கறப்ப... அவர் பக்கத்துல நானும் இறங்கலாமா?

டிரைவர்: தாராளமா! மாமனார் கை கொடுத்து இறக்கினா நல்லாத்தானே இருக்கும்? அதுக்கு எதுக்கு இவ்வளவு தயக்கம்? ஆமா... நீங்க இறங்கினப்ப உங்களுக்குக் கை கொடுத்தது யாரு? எந்த ஆத்துல எடுத்தீங்க? என்ன சம்பந்தி... டேப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கிறீங்க?

தையல்காரர்: எங்க சபைத் தொட்டி ஓரத்துல நின்னு ஒவ்வொருத்தருக்கா அங்கி மாட்டி விடுறவன் நான். அதனால ‘நீ எப்ப எடுத்தே’ன்னு அங்க ஒருத்தரும் என்னைக் கேட்டதே இல்ல. இன்னும் முங்கலைன்னு நானும் சொன்னதில்ல. சின்ன வயசுல கிணத்துல விழுந்தவன், சம்பந்தி... தண்ணியைப் பார்த்தா எனக்குக் காலே நகராது. பொண்ணைக் கொடுக்கிற கையை மாப்பிள்ளை நழுவ விட மாட்டார், அவரைப் பிடிச்சுக்கிட்டு எப்படியாவது நானும் இறங்கிடலாம்னுதான்... இவ்வளவு சண்டையும் போட்டேன்.