பட்டியலில் இல்லாத தோசை மாவு

...சுங்கச் சட்டத் திருத்தம்னா அது வக்கீலுங்க பாடு, நமக்கென்னன்னு பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விடுறீங்க. தெரியுது, தெரியுது! கொஞ்சம் பொறுங்க. ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். கேட்டுட்டு அப்புறம் தாராளமா தூங்குங்க.

ஒரு துறைமுக ஊரு. பேரு வேண்டாம், அந்த ஊர்க்காரங்க இங்கயே உக்காந்திருந்தாலும் இருப்பாங்க! அங்க சந்தனமாரின்னு ஒரு அம்மா. தோசை மாவு அரைச்சு விக்கிறவங்க. ஒருநாள் கோலாலம்பூர்ல இருந்து ஒரு ஓட்டல்காரர் போன் பண்றார். "அக்கா, வாரம் நானூறு டப்பா அனுப்புங்க. ஆனா தீபாவளிக்குள்ள சரக்கு வந்துரணும். வரலைன்னா நான் வேற இடம் பாத்துக்குவேன்."

அந்தம்மாவுக்குக் கால் தரையில நிக்கல. அன்னைக்கே பத்துப் பொம்பளைங்களை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. அந்தப் பத்துப் பேரும் பழைய வேலையை விட்டுட்டு வந்துட்டாங்க. புரியுதா? சரக்கு போகலைன்னா பத்துக் குடும்பம் நடுத்தெருவுல!

வைகாசி மாசம். முதல் சரக்கு ஐஸ் பெட்டியில சுங்க அலுவலகத்துக்குப் போகுது. அங்க தயாளன்னு ஒரு அதிகாரி. நல்ல மனுஷன். ஆனா எந்தெந்தச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு அவர் கையில இருந்த பட்டியல்? அவங்க தாத்தா காலத்துது! அதுல திமிங்கல எண்ணெய் இருக்கு. குதிரை வண்டிக்கு விளக்கு இருக்கு. தயாளன் புரட்டுறார்... புரட்டுறார்...

"ஏம்மா, 'தானிய மாவு, உலர்ந்தது'ன்னு போட்டிருக்கு. உங்களுது ஈரம். 'சமைத்த உணவு'ன்னு போட்டிருக்கு. உங்களுது வேகவே இல்ல. நான் என்னன்னு எழுத?"

"தோசை மாவுன்னு எழுதுங்க சார்."

"பட்டியல்ல தோசையே இல்லையேம்மா!"

அவர் மேலதிகாரிக்குப் போன் போடுறார். மேலதிகாரி அவருக்கு மேல போடுறார். மணி ஒண்ணு... ரெண்டு... மூணு. ஐஸ் கரைஞ்சு போச்சு. சட்டம் காத்திருக்கும். மாவு காத்திருக்குமா? டப்! ஒரு மூடி தெறிக்குது. டப்! டப்! மாவு பொங்கி, மேசையெல்லாம் வழிஞ்சு, அந்தப் பட்டியல் மேலயே ஏறி உக்காந்துருச்சு! சிரிக்காதீங்க... சரி, சிரிங்க. அந்தம்மா மட்டும் அன்னைக்கு அழுதுகிட்டேதான் வீட்டுக்குப் போனாங்க.

மறுநாள் வணிகர் சங்கத்துக்குப் போறாங்க. தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி சிரிக்கிறார். "நீ ஏன் தாயி உள்ளதை எழுதுன? சுவர்ப் பூச்சுன்னு எழுதிட்டுப் போவியா! நம்ம காஜா மைதீன் பாயைப் பாரு. பத்து வருஷமா முருங்கைப் பொடியை மருதாணின்னுதான் அனுப்புறார். நான் பனங்கிழங்கை விறகுன்னு அனுப்புறேன். எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு!"

"அண்ணாச்சி, திங்கிற மாவு. அதைச் சுவர்ல பூசுறதுன்னு என் கையால எழுத மாட்டேன்."

"அப்ப உன் மாவு உன் ஊர்லயே பொங்கட்டும்!"

ஆடி மாசம் வந்துச்சு. அரசாங்கம் சுங்கச் சட்டத்தை மாத்தலாமான்னு பாக்குது, வியாபாரிகளோட கருத்தைக் கேட்டு எழுதுங்கன்னு உத்தரவு. தயாளன் நோட்டோட சங்கத்துக்கே வந்துட்டார். "சொல்லுங்க, பழைய பட்டியலால உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பொன்னுலிங்கம் எழுந்திருச்சு மீசையைத் தடவுறார். "ஒரு கஷ்டமும் இல்லீங்க சார்!"

ஏன் அப்படிச் சொன்னார்? உள்ளதைச் சொன்னா மாட்டிக்குவாரே! கஷ்டம் தலைக்கு மேல இருக்கு, வாய் மட்டும் இல்லைங்குது!

சந்தனமாரி எழுந்திருச்சாங்க. "எனக்கு இருக்கு சார். என் மாவுக்கு ஒரு பேரு வேணும். தீபாவளிக்குள்ள வேணும். பத்துப் பேரு என்னை நம்பி வந்திருக்காங்க."

தயாளன் பெருமூச்சு விட்டார். "நானும் மேல எழுதணும்னுதாம்மா பாக்கேன். ஆனா ரிக்கார்டுல இந்த ஊர்ல இருந்து முருங்கையும் போகல, பனங்கிழங்கும் போகல. ஒரே ஒரு மாவுக்காக யாரு சட்டத்தை மாத்துவாங்க?"

சபையில ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க...

மெதுவா காஜா மைதீன் பாய் எழுந்திருச்சார். வேர்த்துக் கொட்டுது. "சார்... அது மருதாணி இல்ல சார். முருங்கை."

"தெரியும் பாய்! சாம்பிளை என் வீட்டம்மா கையில வச்சுக்கிட்டா. சிவக்கவே இல்ல, ரசம் வாசனைதான் வந்துச்சு!"

அவ்வளவுதான், மடை திறந்துருச்சு! "சார், என்னுது கருப்பட்டி!" "சார், என்னுது ஊறுகாய்!" கடைசியா பொன்னுலிங்கம் அண்ணாச்சி. "சார்... அந்த விறகை அவிச்சுத் திங்கலாம் சார்." தயாளன் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே எழுதுறார். "பழசுக்குண்டான அபராதம் உண்டு, தப்பிக்க முடியாது. ஆனா தானா வந்து சொன்னீங்கன்னும் எழுதுறேன். இப்ப எல்லாரும் கையெழுத்துப் போடுங்க." நாற்பத்தி மூணு பேரு போட்டாங்க!

ஐப்பசி பிறந்துச்சு. புதுப் பட்டியல் வந்துச்சு. தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால, சந்தனமாரி மாவு சொந்தப் பேரோட விமானம் ஏறுச்சு. அந்தப் பத்துப் பொம்பளைங்களும் விமான நிலைய வாசல்ல நின்னு குலவை போட்டாங்க!

என் அன்பான வியாபாரப் பெருமக்களே! அந்தப் பழைய சட்டத்தை அத்தனை வருஷம் காப்பாத்துனது யாரு? அதிகாரியா? இல்ல. குறுக்கு வழி கண்டுபிடிச்ச நாமதான்! நாம ஒவ்வொருத்தரும் தனித்தனியா தப்பிச்சோம். அதனால புதுசா வந்த ஒரு சந்தனமாரி மாட்டிக்கிட்டாங்க. இன்னைக்கு அரசாங்கம் நம்மளையும் கேக்குது. உங்க நாற்காலி மேல ஒரு படிவம் இருக்கு. விசிறிக்கிறதுக்கு வச்சதில்ல அது! உங்க சரக்கு என்னவோ, உங்க கஷ்டம் என்னவோ, உள்ளதை உள்ளபடி எழுதுங்க. புதுச் சட்டம் வேணும்னு கையெழுத்துப் போடுங்க. நாம வாயைத் திறந்து கேக்காத வரைக்கும் எந்தச் சட்டமும் நமக்காக மாறாது. யாருகிட்ட பேனா இல்ல? கையைத் தூக்குங்க... நான் தர்றேன்!