மே மாசம் மட்டும் குளுருற கடக்கரை

சத்தியம் தாயி, சத்தியம். அய்யனாரு கோயில் குதிரை மேல சத்தியம், நேத்து வாங்குன இந்த மூக்குக்கண்ணாடி மேல சத்தியம். ஒரு சொல்லும் பொய்யில்ல. எம்பொஞ்சாதி பேச்சியம்மா மேல மட்டும் பண்ண மாட்டேன், அவ அடுப்படியிலதான் இருக்கா, கேட்டா கரண்டியோட வருவா.

இந்த மலைச்சாமி பதினெட்டு வருசம் சாயல்குடிக்கு அங்கிட்டு, கடக்கரை உப்பளத்துல வெயில் பாக்குற வேல பாத்தவன். வெள்ளப் பெட்டி ஒண்ணு நாலு கால்ல நிக்கும், உள்ள தெர்மாமீட்டரு. காலைல எட்டரைக்குப் பாக்கணும், சாயந்தரம் அஞ்சரைக்குப் பாக்கணும், நோட்டுல எழுதணும். அம்புட்டுத்தான்.

ஆமா, அந்த நோட்டேதான். அதத்தான நீ கம்ப்யூட்டர்ல ஏத்தி, இன்னும் அம்பது வருசத்துல அந்தக் கடக்கரையில எம்புட்டு சூடு ஏறும்னு கணக்குப் போடுற? அதுல வரைஞ்ச கோட்டக் காமி. ஏப்ரல் ஏறுது. ஜூன் ஏறுது. மே மட்டும் எறங்குதாக்கும். அதுவும் நான் வேலய விட்ட வருசத்துல இருந்து தடால்னு எறங்கியிருக்கு. இதக் கேக்கத்தான் சென்னையில இருந்து திண்டுக்கல்லுக்கு ரயிலேறி, இந்த வடமதுரை வரைக்கும் வந்தியாக்கும். பாவம் புள்ள.

சொல்றேன். அப்பல்லாம் மே மாசத்து வெயிலே வேற தாயி. மீனு வலையில ஏறும்போதே வெந்துதான் ஏறும். பிரிட்டோன்னு ஒரு கூட்டாளி, புளியும் மொளகாயும் கரைச்சுக் கடல்லயே ஊத்திருவான், கொழம்பு தனியா வைக்க வேணாம்னு. நண்டு மணல்ல கால் வைக்க முடியாம ஓலையில செருப்பு போட்டுக்கிட்டு நடக்கும். நாலு சோடி. நான் எண்ணிப் பாத்தேன்.

எழுதாத தாயி, அத எழுதாத. வெளாட்டுக்குச் சொன்னேன்.

வேற காரணமா? ஒரு திமிங்கிலம் இருந்துச்சு. மே மாசமானா கரையோரமா வந்து பெருமூச்சு விடும், அந்த அனல்தான். நான் வேலய விட்டு வந்த பெறகு என்னயக் காணாம இலங்கைப் பக்கம் போயிருச்சு. சிரிக்கிற. நம்பல. சரி, காப்பி ஆறுது, குடி.

இந்தக் கணக்கு முடிஞ்சா யாருக்குப் போகும்? உப்பளத்துக்காரவுகளுக்குமா? மே மாசம் வரவர குளுரத்தான் போகுதுன்னு நீயும் எழுதிக் குடுத்துட்டா, மத்தியான ஓய்வு கேக்குற பொம்பளைகளுக்கு இனி எப்பவும் கெடைக்காது. அப்புடித்தான?

எனக்கு எப்புடித் தெரியும்னா, எம்மக நாகஜோதிய அங்கனதான் கட்டிக் குடுத்திருக்கு. உப்பு வாருறா. போன மே மாசம் பாத்தியிலயே மயங்கி விழுந்துட்டா. பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் நெழல்ல உக்கார விடுங்கன்னு சங்கத்துல கேட்டாக. மொதலாளி பழைய நோட்ட விரிச்சுட்டான். இதவிடச் சூட்டுல உங்க ஆத்தாமாரு வேல பாத்திருக்காக, இப்ப என்னன்னு கேட்டுட்டான்.

செத்த இரு. தெருக்கதவச் சாத்திட்டு வாரேன்.

நான் ஒரு நம்பரும் பொய்யா எழுதல. அத மொதல்ல மனசுல வாங்கிக்க. எட்டரைன்னா எட்டரை, அஞ்சரைன்னா அஞ்சரை. என்ன ஒண்ணு, மே மாசம் மல்லிகை சீசன். எனக்கு இங்க முக்கா ஏக்கரு மல்லிகை. விடியுமுன்ன மொட்டெடுத்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுல சேக்கணும், பேச்சியம்மா ஒத்தையா என்ன செய்வா? லீவு தர மாட்டாக. வேலய அப்புடியே போட்டுட்டு ஓடுறதும் எனக்குப் புடிக்காது. அதனால தெர்மாமீட்டரயும் கூட்டிக்கிட்டு வந்துருவேன்.

இது கத இல்ல தாயி. சின்னாளபட்டிச் சேலையில சுத்தி, பச்சப்புள்ள கணக்கா மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல வருவேன். கண்டக்டரு எட்டிப் பாத்துட்டு, ஆணா பொண்ணான்னு கேட்டான். இந்தா தெரியுதுல்ல, கெணத்து மேட்டு வேப்பமரம், அதுலதான் தொங்கும். பூவ நிறுத்துக்கிட்டு இருந்தாலும் எட்டரைக்கு ஓடியாந்து பாத்துருவேன். ஒரு நா தவறல. பதினெட்டு மே மாசம். நோட்டுல நீ பாக்குறது அம்புட்டும் வடமதுரை வெயிலு. கடக்காத்து எட்டாத ஊரு, சுடத்தான செய்யும். எனக்குப் பெறகு வந்த சாகுல் ஹமீது உள்ளூர்க்காரரு, தெர்மாமீட்டரு பெட்டியிலயே இருந்திருக்கு. அதான் ஒங்கோட்டுல குளுந்து போச்சு.

அந்தப் பதினெட்ட அடிச்சுட்டு இப்பவே ஒருக்கா போட்டுப் பாரு. ஏறுதா? மத்த மாசம் மாதிரியே ஏறுதா? அப்ப அத எழுதிக் குடு, வெரசா குடு, அடுத்த மே வாரதுக்குள்ள.

யாரு சொன்னான்னு மட்டும் ஒரு ஈ காக்காக்குத் தெரியக் கூடாது. தெர்மாமீட்டரு பழுதுன்னு சொல்லிரு, அது ஒண்ணும் கோவிச்சுக்காது. பென்சனுக்காக இல்ல தாயி. அந்த நோட்டே பொய்யின்னு சங்கத்துப் பொம்பளைக அன்னைக்கே எந்திரிச்சுச் சொல்லியிருக்காளுக. எங்கப்பா எழுதுனது தப்பா இருக்கவே இருக்காதுன்னு சண்ட போட்டு, அவளுக வாய அடைச்சது நாகஜோதிதான்.