காந்தம் வைத்துப் பாருங்கள்

பழைய கார் பார்க்க வருகிறவர்கள் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கதவை அடித்துச் சாத்திச் சத்தத்தைக் கேட்பார்கள், கூரையைத் தடவுவார்கள், பக்கக் கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொள்வார்கள். நூலகத்திலும் இதே கதைதான். நைந்த புத்தகங்களுக்குப் புது அட்டை போடுவது என் வேலை. உள்ளே பூச்சி அரித்திருந்தாலும் அட்டை பளிச்சென்று இருந்தால் வாசகர் திருப்தியாக எடுத்துப் போவார். நடுவில் பக்கங்கள் இல்லையென்றால், எழுதியவருக்குத்தான் கோர்வையாக எழுத வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

என் கார் பலர் கைமாறி வந்தது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டம் இருபக்கமும் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. கால்மிதியைத் தூக்கினால் தரைத்தகட்டு ஓட்டை வழியாகச் சாலை தெரியும். மழை நாளில் என் மனைவி கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவாள். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்த அடிச்சட்டம், ஜாக்கியையும் அதற்கடியில்தான் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், டிங்கர் பட்டறை வைத்திருந்தார். வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், அழுகியதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் ஓர் ஆணி அடித்தாலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் மாட்டிய அலமாரி விழுந்த கதையை எந்த விருந்திலும் விடமாட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றபோது சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"மாப்ள, இது புக்குக்கு அட்டை போடுற வேலை இல்ல. பசை காயறதுக்குள்ள வண்டிய விட்டு எறங்கிடுங்க."

என் மனைவியும் சிரித்தாள்.

ஓட்டைகளில் கந்தல் துணியையும் கம்பி வலையையும் திணித்தேன். அதன்மேல் ஃபைபர், அதற்கும் மேல் பள்ளம் நிரப்பும் பட்டிப் பசை. உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து, விரல் வழுக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். தரைத்தகட்டுக்கும் இதே வைத்தியம்தான். பழைய கார்ப் பிரியர்கள் சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்திருப்பார்கள். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. எனவே பட்டியைக் குழைக்கும்போதே இரும்புத்தூளைக் கலந்தேன். சாவி வெட்டும் கடைக்காரர் அரத்தூளைச் சந்தோஷமாக அள்ளிக் கொடுத்தார்.

பழைய கார்ச் சங்கத்தின் கண்காட்சியில் நடுவர்கள் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். அடிப்பகுதியைச் சிறப்பாகப் பராமரித்ததற்காக.

அதன் பிறகு ஒரு விடுமுறைநாள் காலையில், சைலன்சர் ஆடுகிறது என்று மனைவி சொல்லி, மச்சான் ஜாக்கியோடு வீட்டுக்கு வந்தார். அவரும் முதலில் காந்தத்தைத்தான் எடுத்தார். இடப்பக்க அடிச்சட்டத்தில் வைத்தார், ஒட்டியது. நகர்த்தி வைத்தார், அங்கேயும் ஒட்டியது. பிறகு எழுந்து என் தோளில் கை வைத்தார்.

"தப்பாப் பேசிட்டேன் மாப்ள. தகடுதான் வச்சிருக்கீங்க. மனசுல வச்சுக்காதீங்க."

கல்யாணமான நாள் முதல் நான் காத்திருந்த சொல். வந்த சொல்லைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

ஜாக்கியை ஏற்றினார். வண்டிக்கு அடியில் போகும் முன் மரக்கட்டைகளை வைத்து முட்டுக் கொடுப்பது அவர் வழக்கம்.

"கட்டை ஏதாச்சும் இருக்கா?"

"தேடணும் மச்சான்."

"விடுங்க. உங்க வேலைமேல நம்பிக்கை இருக்கு."

கட்டைகள் கொட்டகைக் கதவை ஒட்டியே கிடந்தன. எடுத்து வந்திருக்கலாம். இவ்வளவு அவசரமாக ஏன் எடுத்து வருகிறேன் என்று அவர் யோசித்திருப்பார். மனிதர் அப்போதுதான் மன்னிப்புக் கேட்டிருந்தார், அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பட்டது. அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார், நான் தேநீர் எடுத்து வர உள்ளே போனேன். படியேறும்போது ஜாக்கிக்கு மேலே ஏதோ நெறிபடும் சத்தம் கேட்டது. அது எதன் சத்தம் என்று எனக்கு மட்டும் தெரியும். கோப்பைகளோடு திரும்பி வந்தபோது வண்டி தாழ்ந்திருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் என் மனைவி ஒன்றையே சொன்னாள்: "காந்தம்கூட ஒட்டுச்சே, அண்ணனே வச்சுப் பாத்தாரே. இவர் வேலைல ஒரு குத்தமும் இல்ல." பழி ஜாக்கியின் மேலும், அண்ணனின் அவசரத்தின் மேலும் விழுந்தது. நான் மறுக்கவில்லை. அழுதேன், அது பொய்யழுகை அல்ல. என் கைவேலையை மனதாரப் பாராட்டிய ஒரே உறவினர் அவர்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் என்னைச் சந்தேகிக்கவில்லை. உங்கள் நிபுணர் நொறுங்கிய அடிச்சட்டத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ செய்த அரைகுறை வேலை, பாவம், இவருக்கே தெரிந்திருக்காது என்றாராம். அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

யாரோ அல்ல. துணியைத் திணித்தவனும், இரும்புத்தூளைக் கலந்தவனும், கட்டை கண்ணெதிரே கிடக்கத் தேடணும் என்றவனும் நான்தான். மச்சானைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அரைகுறை என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். வலப்பக்கம் இன்னும் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கிறது. நம்பிக்கையில்லை என்றால் காந்தத்தோடு வந்து பாருங்கள்.