வலது ஓரம்

ஜன்னலைத் திறக்கச் சொல்லாதீர்கள். ஏரிக்காற்றில் ஈரம் அதிகம், பழைய காகிதத்துக்கு ஆகாது. எங்கள் சண்டஸ்கி ஊரில் ஆகஸ்ட் மாதம் இப்படித்தான் புழுங்கும். மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். ஏல நிறுவனத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வெர்னன் ஹவுக். பேரிங் ஆலையில் முப்பத்தோரு வருடம் அளவு பார்க்கும் வேலை செய்தேன். தலைமுடியின் பருமனில் பாதி கூடியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தக் கண்ணை, இணைய ஏலத்தில் பழைய காமிக்ஸ் விற்கும் திருடர்கள் பக்கம் திருப்பி இருபத்திரண்டு வருடமாகிறது. சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது.

"தாத்தாவின் பரணில் கிடைத்தது, இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒருவன் எழுதினால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம். படத்தில் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்தால் அந்த மூலை கிழிந்திருக்கிறது. நடுப்பக்கத்தில் கம்பிப் பின் குத்திய இடத்தில் துருக்கறை இருந்து, பின் மட்டும் பளபளத்தால் யாரோ பிரித்துக் கோத்திருக்கிறார்கள். மூன்று விற்பனையாளர்களின் படங்களில் ஒரே தரைவிரிப்பு தெரிந்தால் மூவரும் ஒரே ஆள். இப்படி நானூறு பேருக்கு மேல் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். எங்கள் சேகரிப்பாளர் குழுவில், ஹவுக் பார்த்தாச்சா என்று கேட்காமல் யாரும் ஏலம் கேட்கமாட்டார்கள். என் மனைவி ரோவீனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, "தப்பு கண்டுபிடிக்க உனக்கு நான் ஒருத்தி போதலையா, ஊரே வேணுமா?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கலாம்.

டெல்மர் ராட்கே விஷயத்துக்கு வருகிறேன். பழைய இதழின் ஓரம் அழுக்கேறிப் பழுப்பாகும். சிலர் அந்த ஓரத்தைப் பிளேடால் நூலளவு சீவிவிட்டு, அப்படியே பாதுகாத்து வைத்ததுபோல் விற்பார்கள். எங்கள் வட்டாரத்தில் இதைவிட அசிங்கமான வேலை இல்லை. சீவியவன் காமிக்ஸ் சந்தைக்கு வந்தால் பக்கத்து மேசைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டெல்மர் பள்ளிப் பேருந்து பழுது பார்த்தவர். எனக்கு இருபது வருடப் பழக்கம். போரில் இறந்துபோன அண்ணன், மருந்துக்கடை அலமாரியிலிருந்து வாங்கி வைத்திருந்த விண்வெளிக் கதை முதல் இதழை ஏலத்துக்குப் போட்டார். அந்தப் பணத்தில் அண்ணன் பெயரில் ஊர் நூலகத்துக்கு ஓர் அறை கட்டித் தர வேண்டும் என்பது அவர் ஆசை. படத்தைப் பார்த்தேன். வலது ஓரம் பால்போல வெளுத்திருந்தது. அறுபது வருடக் காகிதம் அப்படி இருக்காது. "வலது ஓரம் சீவப்பட்டது" என்று குழுவில் ஒரே வரி எழுதினேன். ஒரு மணி நேரத்தில் ஏலம் கேட்டவர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள்.

டெல்மர் கோபப்படவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வெர்ன், நீ எழுதினத நான் பாத்தேன். சனிக்கிழம வந்து உன் கையால அள. சீவியிருந்தா நானே குழுவுல ஒத்துக்கறேன். இல்லேன்னா, தப்பாச் சொல்லிட்டேன்னு நீ ஒரு வரி எழுதிடு. அது போதும்பா எனக்கு."

புகார் சொன்னவரை நேரில் அளக்கக் கூப்பிட்டால் போயாக வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். எஃகு அளவுகோலோடு போனேன். இதழை என் முன்னால் வைத்துவிட்டு டெல்மர் அடுப்பில் ஏரிமீன் வறுக்கப் போனார். உறையைப் பிரித்து அளந்தேன்.

அளவு சரியாக இருந்தது. இரண்டு பெரிய பத்திரிகைகளுக்கு நடுவில் அந்த இதழ் கிடந்திருக்கிறது. தூசியும் வெளிச்சமும் படாமல் ஓரம் வெளுப்பாகவே இருந்துவிட்டது, அவ்வளவுதான். கையில் வாங்கிப் பார்க்காமல் படத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லிப் பழகியவர்களுக்கு வரக்கூடிய பிழை அது.

"என்னய்யா, எவ்வளவு வருது?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார்.

"இன்னும் அளக்கல. மீன் கருகிடப் போகுது, அதப் பாரு."

கொஞ்சம் யோசித்தேன். டெல்மர் கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதினால் என்ன ஆகும்? நான் பிடித்த நானூறு திருடர்களும் அதையே காட்டுவார்கள். ஹவுக்குக்கும் தப்பு வரும் என்பார்கள். ஏமாறப் போகிறவர்களை யார் காப்பாற்றுவது? ஒரு புத்தகம் ஒரு பக்கம், ஆயிரம் பேர் இன்னொரு பக்கம். உறைகளின் ஒட்டுநாடாவை வெட்டுவதற்காக என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிளேடு இருக்கும். அளவுகோலை ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பு. எண்ணெய் பொரிகிற சத்தத்தில் அது கேட்கக்கூட இல்லை. சீவிய துண்டை மடித்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"நீயே அளந்து பாரு டெல்மர்," என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூன்று முறை அளந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"இது வீட்ட விட்டு எங்கயும் போனதில்லையே. கிரெக் கிட்ட மட்டும் ஒரு வருஷம் இருந்துச்சு."

கிரெக் அவருடைய ஒரே மகன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரேதான் தொலைபேசியை எடுத்து, நானும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"உண்மையச் சொல்லுடா. அந்த இதழ்ல கை வச்சியா?"

"என்னப்பா பேசுறீங்க? உறையக்கூட நான் பிரிக்கல."

"அப்ப ஓரம் தானாத் தேஞ்சுதா?"

"யாரு சொன்னது, அந்த ஹவுக்கா? அந்த ஆளு பைபிளையே போலின்னுவான்பா."

"அவன் சொல்லல. நானே அளந்தேன்."

அன்றே டெல்மர் சொன்னபடி குழுவில் எழுதினார்: "வெர்ன் சொன்னதுதான் சரி. வெட்கமாக இருக்கிறது." பாராட்டு முழுவதும் எனக்கு வந்தது. உண்மையைச் சொல்லட்டுமா, அது எனக்கு இனிக்கவில்லை.

அதற்குப் பிறகு டெல்மர் எந்தச் சந்தைக்கும் வரவில்லை. பாவம், தனியாக இருக்கிறாரே என்று வாரா வாரம் போய்ப் பார்த்துக்கொண்டது நான்தான். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு கிரெக் ஆப்பிள் கேக்கோடு வந்து கதவைத் தட்டினான். "திறக்காத, வெர்ன்," என்றார் டெல்மர். நான் திறக்கவில்லை. அவன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போன கேக்கை மறுநாள் நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இரண்டு குளிர்காலம் இப்படியே ஓடியது. போன பிப்ரவரியில் டெல்மருக்கு இதயம் நின்றுவிட்டது.

கல்லறையில் கிரெக் என் அருகில் வந்து நின்றான்.

"மிஸ்டர் ஹவுக், அப்பா கடைசி வரைக்கும் நான்தான் சீவினேன்னு நம்பினாரா?"

"ஆமாப்பா. ஆனா உன்ன மன்னிச்சுட்டாரு," என்றேன்.

டெல்மர் அப்படிச் சொன்னதே இல்லை. பையனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் என் தோளில் சாய்ந்து அழுதான்.

அந்த கிரெக்தான் இப்போது பழைய ஏலப் படத்தையும் இதழையும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறான். அட்டையின் மேல் கரையில், வலது ஓரம் வரை ஒரு வரிசை சின்ன நட்சத்திரங்கள். படத்தில் கடைசி நட்சத்திரம் முழுசாக இருக்கிறது, புத்தகத்தில் அதற்கு ஒரு முனை இல்லை. ஆக, படம் எடுத்த பிறகுதான் சீவியிருக்க வேண்டும். நல்ல வேலை. நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மறுக்கமாட்டேன். சீவியது நான்தான். கையெழுத்தும் போடுகிறேன். நீங்கள் கொண்டுவந்த வாக்குமூலத் தாளில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். மேலே "பொய்ப் புகார்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். புத்தகம் உங்களிடம்தானே இருக்கிறது, அளந்து பாருங்கள்.